பேட் சீக்கிரம் தேய்கிறதா? பழைய பேடைத் தூக்கிப் போடாதீர்கள்

முன் பிரேக் பேட் இத்தனை கிலோமீட்டர் ஓடியே தீரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. சேலம்–கோவை பைபாஸிலேயே ஓடும் எர்டிகாவில் 50,000 கி.மீ. தாண்டியும் பேட் இருக்கும். அதே வண்டி திருப்பூருக்குள் பள்ளிக்கூடம், கம்பெனி, மார்க்கெட் என்று சுற்றினால் 30,000-லேயே மாற்ற வேண்டி வரலாம். வாராவாரம் குன்னூரோ வால்பாறையோ ஏறி இறங்கினால் இன்னும் குறையும். ஆனால் 15,000 கி.மீ.க்குள் பேட் தீர்ந்துபோனால், அல்லது ஒரு பக்கம் தீர்ந்து மறுபக்கம் பாதி மிச்சம் இருந்தால், அதை ஓட்டத்தின் கணக்கில் எழுதக் கூடாது. எங்கோ ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அதே வேகத்தில் தேயும்.

காரணத்தைக் காட்டிக் கொடுப்பது கழற்றிய பழைய பேட்தான். பட்டறையில் கழற்றினாலும் வீட்டு வாசலில் கழற்றினாலும், இது இடதா வலதா, உள் பேடா வெளிப் பேடா என்று அதன் முதுகில் சாக்பீஸால் எழுதி வைத்த பிறகுதான் அடுத்த வேலை. மெக்கானிக்கிடம் விடுவதாக இருந்தால் "கழற்றினதைப் போட்டுடாதீங்க, நான் பார்க்கோணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கழற்றும் முன்

காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது சமமான ரோட்டில் 10 கி.மீ. ஓட்டுங்கள். முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல், கியரைக் குறைத்தே வேகத்தைக் குறையுங்கள். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட வேண்டாம். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இப்போது நான்கு சக்கரத்தின் சூட்டையும் பார்க்க வேண்டும். தொடாமல் சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் டிஸ்க்கின் மேல் காட்டுங்கள். இல்லாவிட்டால் புறங்கையை ரிம்முக்கு அருகே கொண்டுபோனாலே போதும், டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள். முன் சக்கரம் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 40 டிகிரி கூடுதலாகக் காட்டினால், அல்லது கருகல் வாடை வந்தால், அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம்.

அடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பேட் லேசாக உரசி "சர்" என்று கேட்பது இயல்புதான். இரண்டு கையும் போட்டு இழுத்தால்தான் சுற்றுகிறது என்றால் அது இயல்பு அல்ல. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி வேலை செய்யக் கூடாது. ஸ்டாண்டு கொடுங்கள், எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். பின்னால் வேறொரு வண்டியில் ஒருவரை வரச் சொல்லி, உங்கள் பிரேக் லைட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். கால் வைக்காதபோதும் எரிகிறது என்றால் இரண்டில் ஒன்று: ஓட்டுபவரின் கால் தெரியாமல் பெடல் மேலேயே இருக்கிறது, அல்லது பெடல் முழுசாகத் திரும்பி வரவில்லை. கடையில் வாங்கிய தடிமனான தரை மேட் சுருண்டு பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டாலும் பெடல் நினைத்தபடி வேலை செய்யாது. அதை முதலில் எடுத்துப் போடுங்கள்.

பேடைப் படிப்பது

புதுப் பேடில் இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, உராயும் பகுதி மட்டும் பெரும்பாலும் 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடலாம். 2 மி.மீ. அளவில் சில பேடுகளில் உள்ள சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். எல்லாப் பேடிலும் அந்தத் தகடு இருக்காது. சத்தம் வரட்டும் என்று காத்திருந்தால் டிஸ்க்கும் சேர்ந்து போகும். வெர்னியரால் ஒவ்வொரு பேடையும் இரு முனையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன்பக்கத்துக்கு நான்கு பேட், ஆக எட்டு அளவு. இந்த எட்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பேடுகளை டிஸ்க்கின் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் இடுக்கிதான் கேலிப்பர். குடும்ப வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது நகரும் கேலிப்பர். ஆயில் அழுத்தத்தில் நகரும் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். அது உள் பேடைத் தள்ளும்; அதன் எதிர்விசையில் கேலிப்பர், பின் எனப்படும் இரண்டு இரும்புத் தண்டுகளின் மேல் நகர்ந்து வெளிப் பேடை இழுத்துக்கொண்டு வரும். உள் பேட் நன்றாகத் தேய்ந்து வெளிப் பேட் புதுசுபோல இருந்தால் கேலிப்பர் நகரவில்லை, அல்லது பிஸ்டன் உள்ளே திரும்பவில்லை. வெளிப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால், நகர்ந்து வந்த கேலிப்பர் திரும்பிப் போகவில்லை. ஒரே பேட் ஒரு முனையில் 7, மறுமுனையில் 3 என்று சரிவாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்னில் ஒன்று இறுகியிருக்கிறது. ஒரு சக்கரத்தின் இரண்டு பேடும் தேய்ந்து எதிர்ச்சக்கரத்தில் இரண்டும் மிச்சமிருந்தால், ஆயில் அழுத்தம் அந்தப் பக்கம் சிக்கி நிற்கிறது. அல்லது எதிர்ப்பக்கப் பிஸ்டன் வேலையே செய்யாமல் முழுச் சுமையும் இந்தப் பக்கம் விழுகிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் இது கிட்டத்தட்ட உறுதி. நான்கு பேடும் சமமாக, ஆனால் சீக்கிரமாகத் தேய்ந்திருந்தால் முன் கேலிப்பரை விட்டுவிட்டுப் பின்பக்க டிரம்மையும், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும், ஓட்டும் முறையையும் பாருங்கள்.

கேலிப்பர் பின்

சீக்கிரத் தேய்மானத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பின்களைத்தான். எதிர்பாராத இடத்தில் எல்லாம் வேகத்தடை, பல்லடம், க.பரமத்திப் பக்கம் கிரஷர் தூசி, மழைக்குச் செம்மண் சேறு என்று ஓடும் வண்டியில் பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் ஓர் இடத்தில் கிழிந்தால் போதும். உள்ளே நீர் போய், கிரீஸ் பசையாக மாறி, பின் துருவேறி இறுகும். பேட் மாற்றும்போது பின்னைக் கழற்றிப் பார்க்காமலேயே மூடிவிடும் பட்டறைகள் உண்டு. அங்கேதான் அடுத்த பேடின் ஆயுளும் பாதியாகிறது.

கேலிப்பரின் போல்ட் வண்டிக்கு ஏற்ப 12 அல்லது 14 மி.மீ. ஸ்பேனர் கேட்கும். கழற்றிய கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள்; கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். பின் இரண்டையும் உருவுங்கள். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பல வண்டிகளில் ஒன்றுபோல இருக்காது, ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். மாற்றிப் போட்டுவிடக் கூடாது. பழைய கிரீஸை பிரேக் கிளீனரால் கழுவித் துடையுங்கள். துரு லேசாக இருந்தால் நைஸான உப்புத்தாளால் தேய்க்கலாம். குழி விழுந்திருந்தால் பின்னையே மாற்றுங்கள். பின் போகும் துளைக்குள்ளும் துணி சுற்றிய குச்சியை விட்டுத் துடைக்க வேண்டும்.

இனி கிரீஸ். வீல் பேரிங்கிற்குப் போடும் சாதாரணக் கிரீஸை இங்கே போடவே கூடாது. பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். "கிரீஸ் போட்டுத்தானே விட்டேன், திரும்பவும் ஜாம் ஆயிடுச்சே" என்பதற்குக் காரணம் பல சமயம் இதுதான். பிரேக்கிற்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். அள்ளி அடைத்தால் உள்ளே காற்றும் கிரீஸும் அடைபட்டு, பின்னை வெளியே தள்ளும். பூட்டிய பிறகு விரலால் தள்ளி இழுத்தால் பின் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும்.

அதே நேரத்தில் பேடின் இரு முனையிலும் நீட்டியிருக்கும் காதுகள் உட்காரும் இடத்தையும் பாருங்கள். அங்குள்ள எவர்சில்வர் கிளிப்பை எடுத்தால் அடியில் துரு உப்பியிருக்கும். கிளிப்பை மேலே தள்ளிப் பேடை இறுக்குவது அந்தத் துருதான். கம்பி பிரஷ் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்து, புதுக் கிளிப் போடுங்கள். பேட் கையாலேயே உள்ளே நுழைய வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றினால் அது திரும்பி வராது.

பிஸ்டன், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர்

பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல்தான், பெடலை விட்டதும் பிஸ்டனைச் சற்றே பின்னுக்கு இழுக்கிறது. சீல் விறைத்தாலோ பிஸ்டன் துருப்பிடித்தாலோ அந்தச் சிறு இழுப்பு போய்விடும். பிஸ்டனை சி-கிளாம்ப் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒரே சீராக உள்ளே போக வேண்டும். நடுவில் நின்றால், கோணினால் சீலும் ரப்பர் பூட்டும் அடங்கிய கேலிப்பர் கிட் மாற்ற வேண்டும். பிஸ்டனில் குழி இருந்தால் பிஸ்டனும் சேர்த்து. அழுத்தும் முன், கேலிப்பரில் ஆயிலை வெளியே விடுவதற்கென்று உள்ள பிளீடர் நிப்பிளில் டியூப் மாட்டித் திறந்து, அழுக்கு ஆயிலை டப்பாவுக்கு விடுங்கள். அதைப் பின்னோக்கி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் தள்ளுவது நல்லதல்ல. பின்பக்கம் டிஸ்க்கும் எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக்கும் உள்ள வண்டியில் பின்பக்கப் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அழுத்தவே கூடாது. ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போட்டுத்தான் பின்வாங்க வைக்க வேண்டும்.

பின்னும் பிஸ்டனும் நன்றாக இருந்து, சக்கரம் அப்போதும் இறுகினால் ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வயதான ஹோஸ் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே சுவர் உப்பியிருக்கும். காலால் மிதிக்கும் அழுத்தம் உள்ளே போய்விடும், திரும்பி வர வழி இருக்காது. சோதிப்பது இப்படி: சக்கரத்தைத் தூக்கி, ஒருவரைப் பெடலை நாலைந்து முறை மிதித்து விடச் சொல்லுங்கள். சக்கரம் இறுகி நிற்கும்போது, இரும்புக் குழாயும் ஹோஸும் சேரும் நட்டைச் சற்றே தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடாவிட்டால் நட்டை இறுக்கிவிட்டு, கேலிப்பரின் பிளீடர் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விட்டால் ஹோஸ்தான். அதிலும் விடவில்லை என்றால் அழுத்தம் காரணமல்ல. பின், பிஸ்டன், பேடின் காது என்று திரும்பவும் இரும்பைத்தான் பார்க்க வேண்டும். சோதனை முடிந்ததும் ஏர் எடுக்க, அதாவது ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற மறக்கக் கூடாது. ஹோஸை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதே முறை.

நான்கு சக்கரமும் சூடாகிறது, வண்டி ஓட ஓடப் பெடல் மேலே ஏறிக் கல்லாகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர். என்ஜினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு முறை மிதித்து, மிதிக்கும் விசைக்கு உதவும் வேக்குவத்தைக் காலி செய்துவிட்டு, விரலால் பெடலை அழுத்துங்கள். தடை தொடங்கும் முன் சில மில்லிமீட்டர் சும்மா போக வேண்டும். 1 முதல் 8 மி.மீ.க்குள் பல வண்டிகளுக்குப் பொருந்தும், உங்கள் வண்டியின் சரியான எண் மேனுவலில் இருக்கும். அந்த இடைவெளி சுத்தமாக இல்லையென்றால் ஆயில் டேங்குக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கிறது. பிரேக் லைட் சுவிட்சை மாற்றியவர் அதை அதிகமாகத் தள்ளி வைத்திருந்தாலும் இது நடக்கும்.

பின் டிரம் வேலை செய்யாவிட்டால்

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்பதுதான் நம் குடும்ப வண்டிகளில் அதிகம். டிரம்முக்குள் விரிந்து உரசும் பின் ஷூ தேயத் தேய, டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடும். உள்ளே உள்ள அட்ஜஸ்டர் அதைத் தானாகச் சரிக்கட்ட வேண்டும். அது துருப்பிடித்து நின்றுவிட்டால் பின் பிரேக் தாமதமாகப் பிடிக்கும், முன் பேட் அந்தப் பங்கையும் சுமக்கும். ஆள் இல்லாத வண்டியில் இது தெரியாது. நோம்பி நாளில் ஒரம்பரையை, அதாவது சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏழு பேரும் மூட்டை முடிச்சுமாகப் போகும்போது எடை 500 கிலோ கூடும், அதில் பெரும்பங்கு பின் அச்சில் உட்காரும். பின் பிரேக் நன்றாகப் பிடித்தாக வேண்டிய நேரமே அதுதான்.

டிரம்மைக் கழற்றியதும் தூசியைக் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனரில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் கசிவு. இன்னோவா, ஈக்கோ போலப் பின் அச்சு ஓடும் வண்டிகளில் ஆக்சில் சீல் போய் டிஃபரன்ஷியல் ஆயில் டிரம்முக்குள் வரும். ஆயில் ஊறிய ஷூவைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவி மறுபடி போடுவது ஆபத்து, மாற்றத்தான் வேண்டும். அட்ஜஸ்டர் திருகை இரு கையாலும் சுழற்றிப் பாருங்கள், துளி பிரேக் கிரீஸ் வையுங்கள். இடதும் வலதும் மரை எதிரெதிராக இருக்கும், மாற்றிவிட்டால் ஷூ நெருங்குவதற்குப் பதில் விலகும்.

ஹேண்ட் பிரேக்கில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. லீவர் மேலே வரை வருகிறது என்றதும் பலர் கேபிளை முறுக்குகிறார்கள். கேபிள் இறுகினால் ஷூவின் லீவர் தன் நிலையிலிருந்து விலகி நிற்கும், அட்ஜஸ்டர் வேலையை நிறுத்திவிடும், ஷூ டிரம்மோடு உரசிக்கொண்டே ஓடும். சரியான வரிசை இது: கேபிளைத் தளர்த்து, அட்ஜஸ்டரால் ஷூவை டிரம் லேசாக உரசும் அளவுக்கு நெருக்கு, பெடலைப் பலமுறை மிதி, கடைசியில் கேபிளை மேனுவல் சொல்லும் கிளிக் எண்ணுக்கு வை. லீவரை முழுசாக இறக்கியதும் இரண்டு பின் சக்கரமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

மலை இறக்கம்

வண்டியில் கோளாறே இல்லாவிட்டாலும் பேடைத் தின்னும் இடம் மலைதான். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 2,300 கிலோ உள்ள இன்னோவா ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது சுமார் 1,900 மீட்டர் கீழே வருகிறது. அந்த உயரத்தின் ஆற்றல் ஏறத்தாழ 43 மெகாஜூல். அதே வண்டியை 60 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்த 0.32 மெகாஜூல் போதும். அதாவது 130 முறைக்கு மேல் 60-லிருந்து நிறுத்துவதற்குச் சமம், அதுவும் ஒரே இறக்கத்தில். டயரும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை என்ஜின் தாங்க வேண்டும், அல்லது பேட் தாங்க வேண்டும்.

ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய டிரைவர்கள் சொல்லும் விதி, அது இன்றும் சரி. நீலகிரிப் பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி வைத்திருக்கும் பலகைகளை மதியுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் "டி"-யில் விடாமல் மேனுவல் மோடில் 2, அல்லது "எல்". என்ஜின் சத்தம் கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம், மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குவது உயிரோடு விளையாடுவது; மிச்சமும் ஆகாது. இன்றைய இன்ஜெக்‌ஷன் என்ஜின், கியரில் கால் எடுத்து இறங்கும்போது எரிபொருளையே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் ஐடிலிங்கிற்கு எரித்துக்கொண்டுதான் இருக்கும்.

பிரேக்கை லேசாக மிதித்தபடியே வளைவுக்கு வளைவு வருவது பேடுக்கும் டிஸ்க்குக்கும் மூச்சே விடாது. வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டுவிடுங்கள். பெடல் பஞ்சுபோல இறங்கினால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்துவிட்டது. உடனே கியரைக் குறைத்து, ஓரம் கட்டி, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் என்பது ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 ஆயிலுக்குப் புதுசில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி; ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் 155. டாட் 3 என்றால் 205, 140. மலைக்குப் போகிற வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பர்லியாறில் பழம் வாங்க நிறுத்தினால் பிரேக்கை மிதித்தபடியே நிற்காமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அங்கே தடம் ஒட்டிக்கொள்ளும், பிறகு மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறும். இறங்கியதும் மேட்டுப்பாளையத்தில் வாட்டர் சர்வீஸ் விடுவதும் டிஸ்க்கைக் கோணலாக்கும் வழி.

புதுப் பேட் போடும்போது

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக் குவட்டிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். உதாரணமாகப் புதுசில் 22 மி.மீ. என்றால் 20 என்று. அதைவிடக் குறைந்தால் கடைசலுக்குக் கொடுக்காமல் மாற்றுங்கள். கோடு கோடாகக் கீறிய டிஸ்க்கில் புதுப் பேட் போட்டால் முதல் சில ஆயிரம் கி.மீ.யிலேயே பேட் வீணாகத் தேயும். பேடை ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, முன் இரண்டு சக்கரமும் சேர்த்துத்தான். டூப்ளிகேட் பேட் சந்தையில் தாராளம். சீல் பிரியாத பெட்டி, பேடின் முதுகில் அச்சான பார்ட் எண், பில் மூன்றும் இல்லாமல் வாங்காதீர்கள். மிகக் கடினமான மலிவுப் பேட் தான் தேயாமல் டிஸ்க்கைத் தேய்க்கும், அது லாபம் அல்ல.

வீல் நட்டை ஏர் கன்னால் மட்டும் முறுக்கி விடச் சம்மதிக்காதீர்கள். கையால் நட்சத்திர வரிசையில் இறுக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு முடிக்க வேண்டும். குடும்ப வண்டிகளில் அது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். ஏறுமாறாக இறுகினால் டிஸ்க் ஆடும். நூறில் சில பங்கு மில்லிமீட்டர் ஆட்டமே நாளடைவில் டிஸ்க்கை ஒரு பக்கம் மெலிய வைக்கும்.

வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளியிருப்பதால் முதல் இரண்டு மூன்று மிதி வெறுமனே போகும். அதை மறந்து கிளப்பினால் சுவரில்தான் நிற்கும். பிறகு அதிகாலையில் போக்குவரத்து இல்லாத ரோட்டில் 60-லிருந்து 20 வரை நிதானமாக, நிற்காமல், பத்து முறை பிரேக் பிடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் ஓட்டம். கடைசியில் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். முதல் 300 கி.மீ.க்குத் திடீர் பிரேக்கும் மலைப் பயணமும் வேண்டாம். 1,000 கி.மீ. ஆனதும் அதே பத்துக் கிலோமீட்டர் சூட்டுச் சோதனையை ஒருமுறை செய்யுங்கள். 5,000-ல் சக்கரத்தைக் கழற்றி உள் பேடையும் வெளிப் பேடையும் அளந்து, முன்பு எழுதிய எண்களுக்குக் கீழே எழுதுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் விழுந்திருந்தால் மறுபடி கேலிப்பர் பின்னிலிருந்து தொடங்க வேண்டும்.